பன்னிரண்டில் ஒரு பங்கு

பாட்டுக் கம்பெனியில் அவளை எல்லோரும் பங்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தொரு வயது, தடித்த கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் எப்போதும் நான்கைந்து வெற்றுப் பங்குத்தாள்கள் இருக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் அதை யார் யார் எழுதினார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்று குறித்து, எழுதியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிற ஒற்றைத் தாள் அது. அந்தத் தாளை வெளியே எடுத்தாலே மற்ற அறைகளில் சண்டை ஆரம்பித்துவிடும். முதல் வரி என்னுடையது, அந்த ஹம்மிங் என்னுடையது என்று, காலையில் தோளில் கைபோட்டு வந்தவர்கள் சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இவளுக்கு அந்தத் தகராறே கிடையாது. பாட்டுக்கு ஒரு சொல் கொடுத்திருந்தால் போதும், சம பங்கு எழுதிவிடுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று முதுகுக்குப் பின்னால் சொன்ன அதே ஆட்கள்தான் அடுத்த வாரம் அவளோடு உட்கார அறை கேட்டு நின்றார்கள்.

பாட்டுக்கு அவள் வந்தது குறுக்கு வழியில். படிப்பு முடித்ததும் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாளை நாள் முழுக்கப் படிப்பாள். கண் கெட்டதுதான் மிச்சம் என்று அவள் அம்மா சொல்வாள். ஆனால் நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லும் சாமர்த்தியம் அங்கேதான் வந்தது. அச்சகத்துக்கு அடுத்த கட்டடத்தில் ஒலிப்பதிவுக்கூடம். ஒரு நாள் அங்கிருந்து ஒரு வயலின்காரர் வந்து, சலவைத்தூள் விளம்பரத்துக்கு எழுதிய வரி மெட்டில் உட்கார மாட்டேன் என்கிறது, யாராவது தமிழ் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். அவள் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்றைப் போட்டுக் கொடுத்தாள். சலவைத்தூள் எவ்வளவு விற்றதோ தெரியாது, அவர்கள் கல்யாணம் நடந்தது.

முப்பத்துநாலு வயதில் பாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாள். ஐந்து ஆண்டுக்கு. கையெழுத்துப் போட்டு ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஐந்தாம் ஆண்டு இன்னும் முடியவில்லை. கணக்குத் தெரியாதவர்கள் எழுதிய ஒப்பந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். மிக நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்கள் எழுதியது.

கம்பெனியின் ஆண்டு காலண்டரைப் பார்த்து முடியாது. பன்னிரண்டு முழுப் பாட்டு எழுதிக் கொடுத்து, அவற்றைத் தேர்வுக்குழு ஏற்றுக்கொண்டால்தான் ஓர் ஆண்டு முடிந்ததாக அர்த்தம். கெடு தேதியில் எண்ணிக்கை குறைந்தால் ஆறு மாதம் நீளும். தனியாக எழுதினால் ஒரு பாட்டு ஒன்று. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு அரை. மூவர் என்றால் மூன்றில் ஒன்று. அப்படியானால் தனியாகவே எழுதித் தள்ளிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு நான்கு பாட்டுத்தான் தனியாக எழுதலாம். மிச்சமெல்லாம் கூட்டு ஒதுக்கீடு, கம்பெனி அறையில் மற்றவர்களோடு உட்கார்ந்து எழுதியாக வேண்டும். கூடி எழுதினால்தான் பாட்டு ஓடும் என்பது அவர்கள் கட்சி. கூடி எழுது என்று அறைக்குள் தள்ளுவதும் அவர்கள்தான், எழுதி வந்ததை வகுத்துக் குறைப்பதும் அவர்கள்தான். மூவர் மூவராக உட்கார்ந்தால் எட்டு முழுப் பாட்டுக்கு இருபத்துநாலு பாட்டு எழுத வேண்டும். மனுஷி எங்கே போவாள்?

இதில் அவளை உறுத்தியது வேறு ஒரு பிரிவு. ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் அவள் எங்கே, யாரோடு எழுதினாலும் அவள் பங்கு கம்பெனிக்கே சொந்தம். புருஷனோடு எழுதினாலும் அப்படித்தான். "நம்ம பாட்டு நம்மளோடதாவே இருக்கணுங்க. இது முடியட்டும், அப்புறம் உட்காரலாம்" என்று அவள்தான் ஒற்றைக் காலில் நின்றாள். அவரும் சரி என்றார். வீட்டில் அவர் புதுசாக ஏதாவது மெட்டு வாசித்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "எனக்குக் கேக்கல, எனக்குக் கேக்கல" என்று சமையலறைக்கு ஓடுவாள். அவர் வில்லை ஆட்டிக்கொண்டே பின்னால் வருவார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாக இருந்தது.

போன வருஷக் கடைசியில் அந்த விளையாட்டு நின்றது. வயலினை முப்பது வருஷம் இடது தோளில் வைத்து வாசித்தவருக்கு இடது காதில் மேல் சுரங்கள் கேட்கவில்லை. டாக்டர் கோடு கோடாக ஒரு தாளை நீட்டினார். வலது காதும் அதே வழியில் போகிறது, ஒரு வருஷம் ஓரளவுக்குக் கேட்கும், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்றார். அதிலிருந்து பங்கு அக்கா நாளை எண்ண ஆரம்பித்தாள். மாதக் கடைசிக்குள் ஐந்தாம் ஆண்டை முடித்துவிட்டால் விடுதலை. அவர் காதில் ஏழெட்டு மாதமாவது மிச்சம் இருக்கும்போது இருவரும் உட்கார்ந்துவிடலாம். எப்போது மூச்சுவிட்டாலும் இது ஒன்றே அவள் நினைப்பில் இருந்தது.

பதினொன்றாம் தேதி ஒப்பந்தப் பிரிவு மேலாளர் அவளைக் கூப்பிட்டாள். அவளும் ஒரு பெண்தான், நல்ல மாதிரி, ஆனால் எதையும் திரையைப் பார்த்தே பேசுவாள்.

"உக்காருங்கக்கா. தனிப் பாட்டு நாலு, சரியா இருக்கு. கூட்டுப் பாட்டு இருபத்துநாலு, எல்லாமே ஏத்துக்கிட்டாச்சு. ஆனா மொத்தம் பன்னிரண்டு வரல."

"வராம எப்படி? நாலும் எட்டும் பன்னிரண்டுதானே?"

"இருபத்துமூணு பாட்டுல மூணு மூணு பேர். ஒண்ணுல மட்டும் நாலு பேர் கையெழுத்து. அதுல உங்களுக்குக் கால்தான். மூணுல ஒண்ணுக்கும் காலுக்கும் இருக்கிற வித்தியாசம், பன்னிரண்டில ஒரு பங்கு. அது குறையுது."

"பன்னிரண்டில ஒரு பங்குக்காக ஆறு மாசமா?"

"ரூல் அப்படிக்கா. நான் என்ன செய்ய? ஆமா, இந்த நாலாவது ஆளு யாரு? நம்ம பட்டியல்லயே இல்லையே."

யார் என்று பங்கு அக்காவுக்கு நன்றாகவே தெரியும். அது மூன்றாம் எண் அறையில் நடந்தது. அவள், மெட்டுக்காரர், தாளக்காரர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரிவைப் பற்றிய பாட்டு. கண்ணீர், மழை, நதி என்று எழுதி எழுதிக் கிழித்து, பல்லவியின் கடைசி வரி கிடைக்காமல் இரண்டு மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மெக்கானிக் ஒருவர் ஏணி போட்டு ஏறி, வேலை பார்த்துக்கொண்டே இவர்கள் புலம்புவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்த மிஷின்ல பாருங்க, ஒழுகுற இடம் ஒண்ணு, நனையிற இடம் வேற. ஈரத்தைப் பார்த்து அங்க தேடினா ஓட்டை கிடைக்கவே கிடைக்காது. மனசு உடைஞ்சவங்களும் அப்படித்தானே? அழுகை ஒரு இடத்துல, காரணம் ஒரு இடத்துல. அதைப் பாட்டுல வைங்களேன்."

மெட்டுக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். 'ஒழுகும் இடம் ஒன்று, நனையும் இடம் வேறு' என்று அவள் எழுதினாள். அப்படியே மெட்டில் போய் உட்கார்ந்தது. பங்குத்தாள் எடுத்தபோது நான்காவது பெயராக மெக்கானிக்கை எழுதினாள். தாளக்காரர் காதைக் கடித்தார், "என்னக்கா இது, நாளைக்கு டீ கொண்டு வர்றவர் தும்மினாலும் பங்கு குடுப்பீங்களா?" அவள் கேட்கவில்லை. மெக்கானிக் கருவிப்பெட்டி மேல் தாளை வைத்து, காதில் செருகியிருந்த பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். பாட்டும் சும்மா சொல்லக்கூடாது, பஸ்ஸில் கடையில் எல்லாம் ஓடியது. பல்லவியின் கடைசி வரி வரும்போது ஜனங்கள் கூடவே முணுமுணுத்தார்கள்.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதல் தடவையாகத் திரையை விட்டுக் கண்ணை எடுத்தாள். "அப்படின்னா சுலபம். 'இந்தப் பாடலின் ஆக்கத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை'ன்னு அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாலு மூணாயிடும். அன்னைக்கே உங்க வருஷம் முடிஞ்சது."

"வேற வழி?"

"இன்னொரு கூட்டுப் பாட்டு. ஆனா மாசக் கடைசி வரைக்கும் அறை எல்லாம் நிரம்பிடுச்சு, எல்லாருக்கும் இதே ஓட்டம்தான். வேணும்னா உங்க வீட்டுக்காரரோட எழுதிக் குடுங்க, வெளி ஆளுக்கு நான் அனுமதி தரேன். உங்க பாதி கம்பெனிக்கு வந்துடும், அவ்வளவுதான். தேர்வுக்குழு இருபத்தெட்டாம் தேதி கூடுது."

"அது முடியாது," என்றாள் பங்கு அக்கா. ஏழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த முதல் பாட்டை இந்தப் பன்னிரண்டில் ஒரு பங்குக்காகத் தூக்கிக் கொடுப்பதா? தட்டச்சு செய்த விலகல் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மெக்கானிக்கின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசல் முழுக்கக் கழற்றிப் போட்ட ஏசிகள், வளைந்த செம்புக் குழாய்கள், ஒரு கேஸ் உருளை. அவர் குந்தி உட்கார்ந்து வடிகட்டி வலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு கவிழ்த்த வாளியைத் துடைத்து உட்காரச் சொன்னார். அவள் சுற்றி வளைக்கவில்லை. வருஷம் முடியாமல் நிற்பது, பன்னிரண்டில் ஒரு பங்கு, வீட்டுக்காரர் காது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே நாக்குக் கூசியது.

"இவ்வளவுதானேம்மா? குடுங்க, போட்டுடறேன்" என்று அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நடுவில் விரல் நின்றது.

"எந்தப் பங்கும் இல்லைன்னு இருக்கே. நான் சொன்னேனேம்மா?"

"சொன்னீங்க. நீங்கதான் சொன்னீங்க."

"அப்ப சரி. உங்களுக்குத் தெரிஞ்சா போதும்." பேனாவைத் திறந்தவர் சிரித்தார். "என் சம்சாரம் மொதல்ல நம்பவே இல்ல. உங்க மூஞ்சிக்குப் பாட்டு வருதாக்கும்னா. அந்தப் பங்குத்தாளைக் காட்டினதும் வாயடைச்சுப் போயிட்டா. இப்ப எங்களுக்குள்ள சண்டை வந்தா அந்த வரியைப் பாடிக் காட்டித்தான் என்னை மடக்குறா. வேலைக்குப் போற வீட்ல அந்தப் பாட்டு ஓடினா நான் எதுவும் சொல்லிக்க மாட்டேன், ஏணி மேலயே நின்னு கேட்டுக்குவேன். இதுல போட்டதை அவகிட்ட சொல்ல வேணாம். நீங்களும் சொல்லாதீங்க."

பேனா படுவதற்குள் பங்கு அக்கா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு, உடம்பெல்லாம் கூசும்படியான வெட்கம். இத்தனை வருஷம் பங்கு கொடுப்பவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். ஒரு மனிதனிடம் இருந்த ஒரே வரியைத் திருப்பி வாங்க வந்து நிற்கிறாள். "வேணாங்க. தெரியாம வந்துட்டேன்" என்று எழுந்தாள். "ஏம்மா, நான் போடறேன்னுதானே சொல்றேன், உங்க வீட்டுக்காரர் காதும்மா" என்று அவர் சந்து முனை வரை பின்னாலேயே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் வயலின்காரர் எடுத்த எடுப்பில் பாராட்டிவிடவில்லை. பாராட்டினார் என்று எழுத ஆசைதான். நடந்ததைத்தானே எழுத வேண்டும்.

"அவரே போடறேன்னாரா?"

"ஆமா."

"பேனாவைத் திறந்தாரா?"

"திறந்தாரு."

"நீ பிடுங்கிட்டு வந்துட்டே."

"ஆமாங்க."

"ஊர்ல இருக்கிற எல்லாரோட மனசும் உனக்குத் தெரியும். எனக்கு ஆறு மாசம்னா என்னன்னு தெரியுமா? காலையில எழுந்ததும் குக்கர் விசில் கேக்குதான்னு பார்க்கிறேன். கேட்டா அன்னைக்கு நல்ல நாள்." அவர் குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் சொன்னது நிஜம்.

மறுநாள் காலையில் அவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்து மேஜையில் வைத்தார். "அந்த மனுஷன்கிட்ட வாங்காம வந்தது சரிதான். எனக்குக் கோபம் அவர் மேல இல்ல, உன் மேலயும் இல்ல. உட்காரு. கம்பெனிக்கே ஒண்ணு எழுதிக் குடுத்துடுவோம்."

"நம்ம முதல் பாட்டுங்க!"

"முதல் பாட்டுதான் போகும். நீ வெளிய வருவே இல்ல? அது போதும் எனக்கு."

நாற்காலியைத் தூக்கி அவருக்கு வலது பக்கமாகப் போட்டுக்கொண்டாள். எழுத ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது: அவர் மேல்ஸ்தாயிக்குப் போகவே இல்லை. தனக்குக் கேட்கிற சுரங்களுக்குள்ளேயே மெட்டைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார். கீழேயே தவழ்ந்து போகிற மெட்டு, அடித்தொண்டையில் பேசுவதுபோல. ஒரு இடத்தில் அவள், "இங்க கொஞ்சம் மேல போனா நல்லா இருக்குமே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் வில்லால் அவள் தலையில் லேசாகத் தட்டினார். தெருவில் நடக்கும்போது இப்போதெல்லாம் அவளைக் கேட்கிற காதின் பக்கமாக இழுத்துவிட்டுக்கொள்வார், அதையே பாட்டாக்கினாள். பக்கம் மாறி மாறி நடக்கிற இரண்டு பேர், அவ்வளவுதான் பாட்டு. மூன்று நாளில் முடிந்தது. பங்குத்தாளில் இருவர் பெயரையும் எழுதி ஆளுக்கு அரை என்று போட்டாள். எத்தனையோ பேரோடு எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டவள் அன்று பெயரை எழுத்து எழுத்தாக நிதானமாகப் போட்டாள். அவர் தன் கையெழுத்தை இரண்டு தடவை வெற்றுக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் போட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி மேலாளர் போன் செய்தாள்.

"அக்கா, என்ன சொல்றதுன்னே தெரியல. ஏத்துக்கல. 'மெட்டு மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் உள்ளது, நம் பாடகர்கள் எவருக்கும் பொருந்தாது'ன்னு எழுதியிருக்காங்க. ஆறு மாசம் நீளுது. மன்னிச்சுக்குங்க."

"பாட்டு?"

"பாட்டுக்கு என்ன, ஏத்துக்காத பாட்டு எழுதினவங்களுக்கே திரும்பிடும், பதினேழாம் பிரிவு. கம்பெனிக்கு அதுல ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும்தான். மூன்று பேர், நாலு பேர் சேர்ந்து எழுதித் திரும்பி வந்த பாட்டுகள் அவள் மேஜை இழுப்பறையில் நாற்பது கிடந்தன. யாரும் அவற்றைத் திருப்பிப் பார்த்ததில்லை. திரும்பி வருவது என்றால் தோற்பது என்றுதான் இதுவரை அவளுக்கு அர்த்தம். போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். நாலு பேர் உட்காரும் அறையில் போய் ஒரு பாட்டு எழுதினால் அடுத்த மாதமே அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு நிரம்பிவிடும், ஆனாலும் ஆறு மாதம் தீரும் வரை வருஷம் முடியாது, அது அவர்கள் கணக்கு. இந்தப் பாட்டு முழுசாக இவர்களுடையது.

உள்ளே வந்து அவருக்கு வலது பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் வயலின் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்னுட்டாங்களா? நம்மகிட்டயே குடுத்துட்டாங்களா?" என்று கேட்டவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "அப்ப இன்னொண்ணு எழுதுவோம். அதையும் வேணாம்பாங்க. எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்கட்டும், எழுதின மூணு நாளை யார் எடுத்துக்க முடியும்?"

அவளால் சிரிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் நெஞ்சில் வந்து நின்றது, அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள். "ஏழு வருஷங்க. ஏழு வருஷமா எழுதியிருக்கலாம். உங்களுக்கு எல்லாம் கேட்ட காலத்துல நான் காதைப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கேன். யாரும் நம்மளத் தடுக்கல. நான்தான் தடுத்தேன்." சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

அவர் இல்லை என்று மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவள் அழுது ஓய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வயலினை எடுத்து, நாலு தந்தியையும் ஒவ்வொன்றாக மீட்டித் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மூணு தந்தி நல்லாக் கேக்குது. நோட்டை எடு."